பகுதி சபைக்கு முன்னாடி: நம்ம நகர் பூங்கா மனு (குடியிருப்போர் சங்கக் குரூப்ல பேசினது)

செயலாளர்: எல்லாருக்கும் வணக்கம் 🙏 ஞாயித்துக்கிழமை பகுதி சபை, அதான் வார்டுல நம்ம பகுதி மக்கள் கோரிக்கை வைக்கிற கூட்டம். பூங்கா சீரமைப்புக்கு மாநகராட்சி எஸ்டிமேட் போடறதுக்குள்ள மனு கொடுக்கணும். "ஊஞ்சல் வேணும், சறுக்கு வேணும்"னு மட்டும் இல்லாம அளவோட சொல்லுங்க.

சிவில் சார், பி பிளாக்: எத்தனை ஊஞ்சல்ங்கறதை விட, ஊஞ்சலுக்குக் கீழ என்ன வருதுன்னு எழுதுங்க சார். பேவர் பிளாக் வந்தா, பிள்ளை விழுந்தா மண்டைதான் உடையும். ஒரு அடி ஆழம் மணல் கேளுங்க.

சிவில் சார், பி பிளாக்: பரப்பளவும் சொல்றேன். சங்கிலி மாட்டற குழாய் 8 அடி உயரம்னா முன்னால 16, பின்னால 16, பக்கத்துக்கு 6 அடி காலியா இருக்கணும். ரெண்டு சீட் ஊஞ்சல் 8 அடி அகலம்னா மொத்தம் 32 x 20 அடி வரும். ஒரு அடி ஆழத்துக்கு 640 கன அடி, அதாவது சுமார் ஆறரை யூனிட் மணல் (100 கன அடி ஒரு யூனிட்).

3வது தெரு அக்கா: எம்-சாண்ட், அதான் கல்லை உடைச்சு செய்யற மணல், அதைப் போட்டா செலவு குறையுமே சார்?

சிவில் சார், பி பிளாக்: வேணாம்மா. அதுல பொடி ஜாஸ்தி, துகளும் கூர்மை. ஒரு மழை பெஞ்சு காஞ்சா தரை மாதிரி இறுகிடும். கழுவின ஆத்து மணல்தான் கால் பட்டா விலகிக் கொடுக்கும். அடியில ஜல்லி போட்டு, தண்ணி வடிய குழாய் விடணும். இல்லேன்னா ஐப்பசி முழுக்கச் சேறு.

3வது தெரு அக்கா: ரப்பர் டைல்?

சிவில் சார், பி பிளாக்: அரை அங்குல டைல் பார்க்க அழகு, அவ்வளவுதான். அடி படாம தாங்கணும்னா விழற உயரத்துக்கு ஏத்த தடிமன் வேணும். கீழ தண்ணி தேங்கினா பசை விட்டு ஓரம் தூக்கும், அதுல கால் தடுக்கும்.

4வது தெரு தம்பி (ஃபேப்ரிகேஷன்): சார் சொல்றது சரி. நான் ரெண்டு சேர்க்கிறேன். சங்கிலி தேயறது நடுவுல இல்ல, மேல கொக்கி மாட்டற கண்ணியில. அங்க மூணுல ஒரு பங்கு தேஞ்சாலே மாத்திடணும். சீட்டுக்கு இரும்புத் தகடோ பலகையோ வேணாம், ரப்பர் பெல்ட் கேளுங்க. பக்கத்துல நிக்கற குழந்தை நெத்தியில பட்டாலும் பெரிய காயம் ஆகாது.

சறுக்கு ஸ்டீல்னா மேற்கு பார்த்து வைக்கக் கூடாது, நாலு மணிக்குத் தொடை பொசுங்கும். வடக்கு பார்க்கட்டும். ஃபைபர் சறுக்குன்னா மேல்பூச்சு வெளுத்ததும் கண்ணாடி இழை வெளிய வரும், அரிப்பு எடுக்கும். பூச்சு போனதும் மறுபடி அடிக்கணும், அதையும் பராமரிப்புல எழுதுங்க.

செயலாளர்: உடற்பயிற்சிக் கருவி?

4வது தெரு தம்பி (ஃபேப்ரிகேஷன்): அடித்தகடுதான் முதல்ல துருப்பிடிக்கும். கான்கிரீட் பீடத்தைத் தரைக்கு ரெண்டு அங்குலம் மேல தூக்கி, ஓரம் சரிவா முடிச்சா தண்ணி நிக்காது. பெயின்ட் மட்டும் போதாது, சூட்டுக் குளியல் கால்வனைசிங் (உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுக்கறது) செஞ்ச குழாய் கேளுங்க. ஆடற கைப்பிடிக்கு ரப்பர் ஸ்டாப்பர் இல்லேன்னா விரல் நசுங்கும்.

எலக்ட்ரீஷியன் அண்ணன்: லைட்டை மறந்துடாதீங்க. கம்பத்துல வயர் சேர்ற ஜங்ஷன் பாக்ஸ் முழங்கால் உயரத்துல வச்சா மழைத் தண்ணியில மூழ்கும். நம்ம ஏரியாவுக்கு நாலடிக்கு மேல வேணும், பூட்டு வேணும். ஒவ்வொரு கம்பத்துக்கும் எர்த், லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா தானா லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்). டிரிப் ஆகுதுன்னு அதை யாரும் பைபாஸ் பண்ண விடாதீங்க. டிரிப் ஆனா எங்கயோ கரன்ட் கசியுதுன்னு அர்த்தம். உயிர் சமாச்சாரம்.

1வது தெரு மாமா: கேட் பத்திச் சொல்லணும். மாடு வராம இருக்க வளைச்சு வளைச்சு கம்பி வைக்கிறாங்க, வீல்சேரும் உள்ள வர முடியாது. 90 சென்டிமீட்டர் வழி, 1-க்கு 12 சாய்வு. படி அரை அடின்னா சாய்தளம் ஆறடி நீளம். நடைபாதை ஆறடி அகலம் இருந்தாதான் எதிரெதிரா ரெண்டு பேர் இடிக்காம போகலாம்.

3வது தெரு அக்கா: மரம்? கோனோகார்பஸ் வைக்காதீங்க, தமிழ்நாடு அரசே 2025-ல தடை பண்ணிட்டாங்க. புங்கை, மகிழம், நாவல் போதும். மூணடிக்கு மூணடி குழி. தண்டைச் சுத்தி பேவர் ஒட்டிப் போட்டா வேர் மூச்சு முட்டும், கல்லையும் தூக்கிடும்.

செயலாளர்: நல்லது. இடம் தானப் பத்திரம் மூலமா மாநகராட்சி பேருக்கு வந்திருக்கணும். மனை வரைபடத்துல "பூங்கா"ன்னு இருந்தா மட்டும் போதாது, மாநகராட்சி செலவு செய்ய மாட்டாங்க. பத்திர நகல் மனுவோட வைக்கிறேன். நமக்கு நாமே திட்டத்துல போனா மூணுல ஒரு பங்கு நாம போடணும், அதையும் அன்னிக்கு முடிவு பண்ணலாம்.

சிவில் சார், பி பிளாக்: ஒப்பந்தத்துல குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (வேலை முடிஞ்ச பிறகு கோளாறு வந்தா ஒப்பந்ததாரரே சரி பண்ண வேண்டிய காலம்) எவ்வளவு, அதுல சங்கிலி, ஸ்டாப்பர், மணல் நிரப்பறது சேருமான்னு எழுத்துல கேளுங்க. ஊஞ்சலுக்கு நேர் கீழ மணல் குழி விழுந்துகிட்டே இருக்கும், வாராவாரம் இழுத்துச் சமப்படுத்த ஆள் வேணும்.

செயலாளர்: சேர்த்துட்டேன். நாளைக்கு ஆறு மணிக்கு இடத்தை அளக்கணும். நீள டேப் யார்கிட்ட இருக்கு?

எலக்ட்ரீஷியன் அண்ணன்: 30 மீட்டர் டேப் இருக்கு. கொண்டு வரேன் 👍