கொழுந்தன் கிரீன் கார்டு விஷயம், தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம், நாங்க சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கோம். யாழ்ப்பாணத்துக்காரர் என் கொழுந்தன், அமெரிக்காவுல அசைலம், அதாவது அகதியா அடைக்கலம் கிடைச்சு ஒரு வருஷம் அங்கயே இருந்து முடிச்சதும் கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பம் போட்டாரு, கைரேகை எடுத்தாங்க, அதோட சரி, ரெண்டு வருஷம் தாண்டியும் ஸ்டேட்டஸ்ல அதே ஒரு வரிதான். என் வீட்டுக்காரர் தினமும் காலைல டீயை வச்சுக்கிட்டு அந்த ரசீது நம்பரை அடிச்சுப் பாப்பாரு, டீ ஆறிப்போகும். கார்டு வந்தா தேதியை ஒரு வருஷம் முன்னாடி போட்டுத் தருவாங்களாம், இப்ப அதை வச்சு என்ன பண்றது.

மாமியாருக்கு 78 வயசு. கொழுந்தன் இலங்கைக்குப் போனா அசைலமுக்கே சிக்கல்னு வக்கீல் சொல்லிட்டாரு, அதனால மாமியாரையும் அவரையும் இங்க வரவழைச்சு ரெண்டு பேரையும் பாக்க வைக்கலாம்னு நெனைக்கிறோம். அவரு கையில பாஸ்போர்ட்டுக்குப் பதிலா அகதிகளுக்குக் குடுக்குற ரெஃப்யூஜி டிராவல் டாக்குமெண்ட் இருக்கு, ஆனா அது ஒரு வருஷம்தான் செல்லும், அதுலயும் எட்டு மாசம் ஓடிப்போச்சு.

அந்த டாக்குமெண்ட்ல சிங்கப்பூர் வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? விசா எப்படி எடுத்தீங்க? கேஸ் பெண்டிங்ல இருக்கப்ப திரும்பிப் போனா ஏர்போர்ட்ல நிறுத்துவாங்களா? அங்க எம்.பி. மாதிரி இருக்குற காங்கிரஸ் உறுப்பினர் ஆபீஸ்ல எழுதிக்குடுத்து யாருக்காச்சும் நகர்ந்துச்சா?

ஏஜெண்ட் நம்பர் மட்டும் வேணாம்ங்க, ஒருத்தர்கிட்ட ஏற்கனவே ஏமாந்தாச்சு.