கோனார்க் மண்டபத்து மணலை எடுக்கலாமா, கூடாதா?

பாலா_திருச்சி:
ஒடிசாவின் கோனார்க் சூரியன் கோயிலில் கருவறைக்கு முன்னால் நிற்கும் ஜகமோகன மண்டபம் சரிந்துவிடக் கூடாது என்று 1903இல் ஆங்கிலேய அரசு உள்ளே மணலைக் கொட்டி வாசல்களை அடைத்தது. அதை எடுக்கப் போவதாக 2020இல் மத்திய அமைச்சர் அறிவித்தார். எடுத்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. கங்க மன்னன் முதலாம் நரசிம்மதேவன் 13ஆம் நூற்றாண்டில் சூரியனின் தேர் போல எழுப்பிய கோயில் அது. 24 சக்கரங்களையும் 7 குதிரைகளையும் வெளியே சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். மண்டபத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தவர் இன்று யாருமே இல்லை.

செல்வி_சிவில்:
கூடவே கூடாது, பாலா சார். கருவறைமேல் இருந்த பெரிய விமானம் என்ன ஆனது? 1837இல் கட்டடக்கலை வரலாற்றாளர் ஜேம்ஸ் ஃபெர்குசன் வரைந்த படத்தில் அதன் ஒரு மூலை நின்றுகொண்டிருக்கிறது. பிறகு அதுவும் விழுந்துவிட்டது. இந்த மண்டபத்தின் கூரையில் ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீண்டு நிற்கும். பின்பக்கத்துப் பாரம்தான் அதைக் கவிழாமல் பிடிக்கிறது. ஏறத்தாழ 39 மீட்டர் உயரக் கட்டடம். ஒரு கல் நகர்ந்தால் அதோடு நிற்காது.

பாலா_திருச்சி:
அந்த மணல் இப்போது கூரையைத் தாங்கவே இல்லையே! வருஷக்கணக்கில் அமுங்கிக் கீழே இறங்கி, மேலே இடைவெளி விழுந்துவிட்டது. ஆனால் சுவரை மட்டும் வெளிப்பக்கமாக நெட்டுகிறது, ஈரத்தையும் பிடித்து வைக்கிறது.

செல்வி_சிவில்:
கல்லை அரிப்பது கடற்காற்றும் மழையும். கிழக்கு வாசல் நிலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பச்சை நிறக் குளோரைட் கல்லில் செதுக்கிய கொடியும் இலையும் இன்னும் கூர்மையாக இருக்கும். கொஞ்சம் தள்ளி, எளிதில் அரிந்துபோகும் கோண்டலைட் கல் உருவங்களில் மூக்கும் கண்ணும் கரைந்து போயிருக்கும். அந்தக் கல்லுக்கு முதலில் வைத்தியம் பார்க்கட்டும்.

கடலோரக்_குமார்:
மூலவர் இருந்த கருவறையே விழுந்துவிட்டது. உள்ளே போய் எதைப் பார்க்கப் போகிறோம்?

பாலா_திருச்சி:
கருவறையில் பீடம் இருக்கிறது, குமார். இப்போது மேலிருந்து படியிறங்கித்தான் அதைப் பார்க்க முடிகிறது. கட்டியவன் நினைத்த வழி அதுவா? கிழக்கே நுழைந்து, மண்டபத்தைக் கடந்து, சூரியன் முன்னால் போய் நிற்க வேண்டும். அந்த வழியைத்தான் மணல் மூடியிருக்கிறது. அதைத் திறக்காமல் இது கோயில் என்று எப்படிச் சொல்வது?

செல்வி_சிவில்:
வழி வேண்டும்தான். மண்டபமே போய்விட்டால் வழி எங்கே?

பாலா_திருச்சி:
சரி, உள்ளே இரும்புச் சாரம் கட்டி, முட்டுக் கொடுத்து, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால்?

செல்வி_சிவில்:
சாரத்தை எதன்மேல் நிறுத்துவீர்கள்? தளம் முழுக்க மணலுக்கு அடியில் இருக்கிறது. அது எந்த நிலையில் இருக்கிறது என்று துளை போட்டுப் பார்க்காமல், ஒரு கூடை மணலைக்கூட வெளியே கொண்டுவர நான் சம்மதிக்க மாட்டேன்.