நடந்து போனவரை வண்டி இடித்த பிறகு... உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பூக்காரி மகன்:

அம்மாவுக்கு 58 வயது. விடியற்காலையில் பூ மார்க்கெட்டிலிருந்து ரோட்டோரமாக நடந்து வரும்போது பைக் இடித்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால் மல்லிகை மூட்டை பிரிந்து ரோடெல்லாம் பூ. கிடந்தபடியே அம்மா, "பூவைப் பொறுக்குடா, வெயில் வந்தா வாடிரும்" என்றார். இடித்த பையன் காலேஜ் படிப்பவன், கையெடுத்துக் கும்பிட்டு அழுதான். அவன் அப்பா 5,000 ரூபாய் கொடுத்தார். ஸ்டேஷனில், சமாதானமாகப் போகிறோம், மேல் நடவடிக்கை வேண்டாம் என்று ஒரு கடிதம். அம்மாவால் இறங்க முடியவில்லை என்று மைப்பெட்டியை ஆட்டோவுக்கே கொண்டுவந்து கைநாட்டு வாங்கினார்கள். மூன்றாம் நாள் எக்ஸ்ரேயில்தான் இடுப்பு எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. பிளேட் வைத்து எட்டு மாதம் ஆகிறது, இன்னும் வாக்கர்தான். அந்தக் கடிதத்தை எழுதியது நான். என் கையெழுத்து.

டெல்டாக்காரன்:

எங்களுக்கு நடந்தது வேறு மாதிரி. அப்பாவை இடித்த கார் டிரைவரே தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஓடாமல் நின்றாரே என்ற நன்றியில் நாங்கள் எதையும் கேட்கவில்லை. அவசரப் பிரிவில் அந்த டிரைவர் சொன்னது, "வழுக்கி விழுந்துட்டார்." ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர். என்பார்கள்) அதுவே ஏறிவிட்டது. மூன்று வருடம் கழித்து, விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் அந்த ஒரு வரியை நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை வாசித்தார். அப்பா கூண்டில் நின்றுகொண்டு, "ஐயா, நான் அப்ப மயக்கத்துல இருந்தேன்" என்றார். அவர் குரல் உடைந்தது இன்னும் காதில் இருக்கிறது. எதிர்ப்பக்கம் டீக்கடை வைத்திருந்தவர் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து சாட்சி சொன்னதால்தான் எங்கள் வழக்கு நின்றது.

வழிப்போக்கன் 72:

பூக்காரி மகன், வருத்தப்படாதீர்கள், ஆனால் அந்தக் கடிதம் பெரிய தப்பு. என் தம்பியை ஷேர் ஆட்டோ இடித்தபோது அன்று மாலையே புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கிவிட்டோம். என் கதை அவ்வளவுதான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எலும்பு முறிந்தாலே சட்டத்தில் அது கொடுங்காயம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் 281 (கண்மூடித்தனமாக ஓட்டியது), 125 (அதனால் காயப்படுத்தியது) பிரிவுகள் வரும். ஆனால் அது டிரைவருக்குத் தண்டனை தரும் வழக்கு. பணம் வேண்டுமென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆவது பிரிவில் தீர்ப்பாயத்தில் தனியாக மனுப் போட வேண்டும். விபத்து நடந்த ஊரிலேதான் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். பாவம், ஏழைப் பையன் எங்கிருந்து கொடுப்பான் என்று இரக்கப்பட்டு விடுகிறார்கள். வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருந்தால் கொடுக்கப்போவது காப்பீட்டு நிறுவனம், பையன் அல்ல. அந்தக் காப்பீடு கட்டாயம் என்று சட்டம் வைத்திருப்பதே நம்மைப் போல ரோட்டில் போகிறவர்களுக்காகத்தான். செலவுப் பில், டிஸ்சார்ஜ் சம்மரி, ஊனச் சான்றிதழ் ஒன்றையும் தொலைக்காதீர்கள். அப்புறம் முக்கியமானது, ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். 2019 திருத்தத்தில் வந்த விதி, 2022 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. வழி இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

உளுந்தூர்ப்பேட்டை பக்கம்:

வழிப்போக்கன் சார், தெரியாமல் கதவைச் சாத்தாதீர்கள். அந்த ஆறு மாதக் கெடுவை எதிர்த்து வழக்கு நடக்கிறது. தாமதம் என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. இன்றைய நிலையை வக்கீலிடம் கேட்கட்டும். கடிதத்தைக் காட்டி எதிர்த்தரப்பு வாதாடும், உண்மைதான். ஆனால் போலீஸ் நடவடிக்கை வேண்டாம் என்று எழுதியது வேறு, இழப்பீடு கேட்பது வேறு என்று நீங்களே மேலே பிரித்துச் சொல்லியிருக்கிறீர்கள். வலியோடு ஆட்டோவில் கிடந்த அம்மாவையும் பதறிப்போன மகனையும் இப்போது குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

எங்களுக்குக் கடிதம் எழுதக்கூட எதிரில் ஆள் இல்லை. சித்தப்பா பைபாஸைக் கடக்கும்போது ஏதோ வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டது. காலையில் போனபோது உடைந்த ஹெட்லைட் கண்ணாடி ஒரு துண்டு, செருப்பு ஒன்று. அந்தத் துண்டை நான்தான் துணியில் சுற்றி ஸ்டேஷனில் கொடுத்தேன். வண்டி எண் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினார்கள். வண்டி தெரியாவிட்டாலும் அரசுத் திட்டத்தில் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 உண்டு என்று சித்தி வீட்டுக்கு வந்த ஒரு வக்கீல் குமாஸ்தா சொல்லித்தான் தெரியும். 2022-க்கு முன்னால் இதுவே 25,000-மும் 12,500-ம். தாசில்தார் அலுவலகத்துக்கு சித்தி எத்தனை நடை நடந்தார் என்பதைத் தனியாக எழுதுகிறேன்.

பூக்காரி மகன்:

எல்லோருக்கும் நன்றி. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். நகல் கேட்டு இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். 'பைக் மோதி' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், டெல்டாக்காரர் சொன்னதைப் படித்ததிலிருந்து அதே நினைப்புதான். ஒரு சந்தேகம். அம்மாவுக்குச் சம்பளச் சீட்டு எதுவும் கிடையாது. தினமும் இத்தனை முழம் கட்டிக் கொடுத்தார் என்று பூக்கடைக்காரர் எழுதிக் கொடுத்தால் தீர்ப்பாயத்தில் எடுத்துக்கொள்வார்களா?