விண்டோஸ் 11க்கு மாத்துனதுல இருந்து பிரிண்டர் "டிரைவர் அன்அவைலபிள்"னே காட்டுது, நாலு தடவ இன்ஸ்டால் பண்ணியும் வரல

காகிதப்பூ:
எல்லாருக்கும் வணக்கம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான சப்போர்ட் முடிஞ்சு போச்சுல்ல, இனிமேலும் தள்ளிப்போட வேணாம்னு போன வாரம் 11க்கு மாத்துனேன். அப்கிரேடு ஒழுங்காத்தான் முடிஞ்சுது, ஃபைல் எதுவும் போகல, பிரிண்டர் மட்டும் படுத்துருச்சு. செட்டிங்ஸ்ல போய் பாத்தா பிரிண்டர் பேருக்கு கீழ "டிரைவர் இஸ் அன்அவைலபிள்"னு வருது, அதாவது விண்டோஸையும் பிரிண்டரையும் பேச வைக்குற சாஃப்ட்வேர் இல்லையாம்.

பிரிண்டர் பழசு, 2012 வாக்குல வந்த பிளாக் அண்ட் ஒயிட் லேசர், மேல ஸ்கேனரும் இருக்கு, வைஃபை கிடையாது யூஎஸ்பி கேபிள் மட்டும்தான். கம்பெனி சைட்ல விண்டோஸ் 10 வரைக்கும் டிரைவர் இருக்கு, 11ன்னு தனியா ஒண்ணும் இல்ல. சரி அதையே போடலாம்னு டவுன்லோட் பண்ணி போட்டேன், "சக்சஸ்ஃபுல்"னு வந்துச்சு ஆனா பிரிண்ட் குடுத்தா ஒண்ணும் வரல. திரும்பவும் போட்டேன். இப்படியே நாலு தடவ. இப்ப லிஸ்ட்ல அதே பேரு, அப்புறம் காப்பி 1, காப்பி 2, காப்பி 3ன்னு வரிசையா நிக்குது, எதுக்கு பிரிண்ட் குடுக்கணும்னே தெரியல.

நடுவுல ஒரு வீடியோ பாத்துட்டு லிஸ்ட்ல இருந்த பிசிஎல்6 கிளாஸ் டிரைவர்னு ஒண்ண செலக்ட் பண்ணி பாத்தேன். அப்ப பேப்பர் வந்துச்சு, ஆனா ஒவ்வொரு பேப்பர்லயும் மேல ஒரே ஒரு வரி, அதுவும் புரியாத எழுத்தும் குறியுமா, மிச்ச பேப்பர் முழுக்க காலி. மூணு பக்க ஃபைலுக்கு இருபது முப்பது பேப்பர் தள்ளிருச்சு, ட்ரேய வெளிய இழுத்துத்தான் நிறுத்துனேன். அதுக்கப்புறம் கேபிள முன்பக்கத்துல இருந்து பின்பக்க யூஎஸ்பிக்கு மாத்தி பாத்தேன், அதுலயும் ஒண்ணும் மாறல.

எனக்கு ப்ரூஃப் பாக்குற வேலை. ஸ்க்ரீன்ல எத்தன தடவ படிச்சாலும் ஒற்றுப்பிழை கண்ணுக்கு தப்பிடும், பேப்பர்ல பென்சில் வச்சு வரி வரியா போனாத்தான் எனக்கு மாட்டும். அதனால பிரிண்டர் இல்லாம கை ஒடஞ்ச மாதிரி இருக்கு. புது பிரிண்டர்தான் வாங்கணுமா, இல்ல இதுக்கு வழி இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

புதுவிசை:
சிஸ்டர், முதல்ல பிரிண்ட் ஸ்பூலர (பிரிண்ட் குடுக்குறத வரிசையில வச்சு பிரிண்டருக்கு அனுப்புற சர்வீஸ்) க்ளியர் பண்ணி பாருங்க, பழைய ஜாப் ஏதாவது சிக்கிக்கிட்டு இருந்தாலும் இப்படித்தான் ஆகும். ஸ்டார்ட்ல சர்வீசஸ்னு அடிச்சு ஓபன் பண்ணி அதுல பிரிண்ட் ஸ்பூலர ஸ்டாப் பண்ணுங்க, அப்புறம் சி டிரைவ்ல விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ்ங்குற ஃபோல்டருக்குள்ள இருக்குற ஃபைல் எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டு (ஃபோல்டர அழிக்காதீங்க, உள்ள இருக்குறது மட்டும்) ஸ்பூலர திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க. அதுக்கும் சரியாகலன்னா விண்டோஸ் 10க்கே திரும்பி போயிடுங்க, அப்கிரேடு பண்ணி 10 நாளைக்குள்ளன்னா செட்டிங்ஸ்ல ரெக்கவரி பக்கத்துல கோ பேக்னு பட்டன் இருக்கும்.

ஈரமண்:
காகிதப்பூ, புது பிரிண்டர் வாங்க வேணாம், 10க்கும் திரும்ப போக வேணாம், கொஞ்சம் பொறுங்க. நீங்க எழுதுனதுலயே பாதி பதில் இருக்கு.

அந்த ஒரு வரி கிறுக்கல் வந்துச்சு பாத்தீங்களா, அது கெட்டதுலயும் ஒரு நல்ல சேதி. கேபிள் நல்லாருக்கு, பிரிண்டர் நல்லாருக்கு, டேட்டா போய் சேருது, பாஷதான் புரியல. பிரிண்டர்ல ரெண்டு வகை இருக்கு. பிசிஎல், போஸ்ட்ஸ்க்ரிப்ட் மாதிரி பொதுவான பாஷ தெரிஞ்சது ஒரு வகை, அதுக்கு விண்டோஸ்ல ஏற்கனவே இருக்குற கிளாஸ் டிரைவரே போதும். இன்னொரு வகை ஹோஸ்ட் பேஸ்டுன்னு சொல்லுவாங்க, ஜிடிஐ பிரிண்டர்னும் சொல்லுவாங்க, அதுல பக்கத்த வரையுற வேலைய கம்ப்யூட்டர்தான் செஞ்சு குடுக்கணும், பிரிண்டருக்கு அந்த கம்பெனியோட சொந்த டிரைவர் பேசுற பாஷ மட்டும்தான் தெரியும். வீட்டுக்குன்னு விலை குறைச்சு வந்த சின்ன லேசர் நிறைய இந்த ரகம்தான். அதுக்கு பிசிஎல் டிரைவர போட்டா வர்ற கட்டளைய எழுத்துன்னு நெனச்சு அப்படியே பேப்பர்ல அடிச்சு தள்ளும், உங்களுக்கு நடந்தது அதுதான். ஆகவே கிளாஸ் டிரைவர் பக்கமே போகாதீங்க, உங்களுக்கு கம்பெனி டிரைவர்தான் வேணும்.

11ன்னு சைட்ல போடலன்னு கவலப்படாதீங்க. விண்டோஸ் 10 64 பிட் டிரைவர் பெரும்பாலும் 11லயும் அப்படியே ஓடும். 32 பிட்டுக்கு வந்தது மட்டும் சுத்தமா ஓடாது, ஏன்னா விண்டோஸ் 11ல 32 பிட் எடிஷனே கிடையாது. டவுன்லோட் பக்கத்துல ரெண்டும் பக்கத்து பக்கத்துலயே இருக்கும், எத எடுத்தீங்கன்னு ஒரு தடவ பாத்துக்கோங்க.

இப்ப ஏன் நாலு தடவ போட்டும் வரல? பிரிண்டர ரிமூவ் பண்ணா லிஸ்ட்ல இருந்து பேருதான் போகும், டிரைவர் உள்ளயே கெடக்கும். அப்கிரேடுல பாதி ஒடஞ்ச டிரைவர் பேக்கேஜ் அதே பேர்ல உள்ள இருந்தா அடுத்த தடவ இன்ஸ்டால் பண்ணும்போது விண்டோஸ் அதையே எடுத்து மாட்டிக்கும். எத்தன தடவ போட்டாலும் பழசு மேலயேதான் போய் உக்காரும். அதனால முதல்ல வேரோட பிடுங்கணும், அப்புறம்தான் புதுசு. இத நான் சொந்தமா ரெண்டு நாள் போராடி கத்துக்கிட்டது, அதான் இவ்வளவு நீட்டி சொல்றேன்.

கேபிள கழட்டிடுங்க, கடைசி வரைக்கும் மாட்டாதீங்க. செட்டிங்ஸ்ல பிரிண்டர்ஸ் பக்கம் போய் அந்த நாலையும் ஒவ்வொண்ணா ரிமூவ் பண்ணுங்க. ஆப்ஸ் லிஸ்ட்ல பிரிண்டர் கம்பெனி சாஃப்ட்வேர் இருந்தா அதையும் அன்இன்ஸ்டால் பண்ணுங்க. அப்புறம் விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேத்து அழுத்தி ரன் பாக்ஸ்ல பிரிண்ட்யூஐ (இங்கிலீஷ் எழுத்துல பி ஆர் ஐ என் டி யூ ஐ, இடம் விடாம), ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் எஸ், ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் டி 2ன்னு (printui /s /t2) அடிங்க. பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ் டிரைவர்ஸ் டேப்லயே ஓபன் ஆகும். அதுல உங்க பிரிண்டர் பேரு இருக்கும், செலக்ட் பண்ணி ரிமூவ் குடுத்தா ரெண்டு சாய்ஸ் கேக்கும், "ரிமூவ் டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்"ங்குற ரெண்டாவது சாய்ஸத்தான் எடுக்கணும். பிரிண்ட் டு பிடிஎஃப் மாதிரி மைக்ரோசாஃப்ட் பேர்ல இருக்குறதுல கை வைக்காதீங்க.

"டிரைவர் இஸ் இன் யூஸ்"னு சொல்லி அழிக்க விடாது, முக்காவாசி நேரம் எல்லாருக்கும் அங்கதான் முட்டும். அப்ப அந்த ஜன்னல மூடாம பக்கத்துல சர்வீசஸ ஓபன் பண்ணி பிரிண்ட் ஸ்பூலர ரீஸ்டார்ட் பண்ணுங்க, பண்ண கையோட இங்க வந்து ரிமூவ் அழுத்துங்க. ஸ்பூலர் டிரைவர திரும்ப பிடிச்சுக்குறதுக்குள்ள அழிச்சிடணும், ஒரு தடவ தவறினா இன்னொரு தடவ பண்ணுங்க. புதுவிசை சொன்ன மாதிரி ஸ்பூல் ஃபோல்டர காலி பண்றதையும் இதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க, அந்த முப்பது பேப்பர் ஜாப்போட மிச்சம் அங்க இருக்க வாய்ப்பு இருக்கு.

கம்ப்யூட்டர ரீஸ்டார்ட் பண்ணுங்க. இன்ஸ்டாலர ரைட் கிளிக் பண்ணி அட்மினிஸ்ட்ரேட்டரா ஓட விடுங்க, "இப்ப கேபிள மாட்டுங்க"ன்னு அது கேக்கும்போதுதான் மாட்டணும். முன்னாடியே மாட்டி வச்சிருந்தா விண்டோஸ் தனக்கு தெரிஞ்ச டிரைவர முந்திக்கிட்டு போட்டுரும்.

நிழல்மரம்:
ஒரு சின்ன விஷயம் சேத்துக்குறேன். இதே பிரச்சன புது லேப்டாப்ல வந்தா செட்டிங்ஸ்ல அபவுட் பக்கத்துல சிஸ்டம் டைப் என்னன்னு பாருங்க. ஆர்ம் ப்ராசஸர்னு இருந்தா மேல சொன்னது எதுவும் வேலைக்கு ஆகாது, சாதாரண 64 பிட் ப்ரோக்ராம் அதுல ஓடும் ஆனா டிரைவர் மட்டும் ஆர்முக்குன்னே எழுதினதா இருக்கணும். என் தம்பி லேப்டாப்ல இது தெரியாம ஒரு நாள் முழுக்க உக்காந்திருந்தோம்.

அப்புறம் 24ஹெச்2 வெர்ஷன்ல இருந்து பிரிண்டர்ஸ் பக்கத்துல "விண்டோஸ் ப்ரொடெக்டட் பிரிண்ட் மோட்"னு ஒண்ணு இருக்கு. அது ஆன்ல இருந்தா கம்பெனி டிரைவர் எதையும் ஏத்துக்காது, மோப்ரியா (கம்பெனி டிரைவர் இல்லாமலே பிரிண்ட் பண்றதுக்கான பொது தரம்) சர்டிஃபிகேட் இருக்குற புது பிரிண்டர் மட்டும்தான் ஓடும். தானா ஆன் ஆகாது, ஆனா ஏதாவது வீடியோ பாத்துட்டு ஆன் பண்ணிருந்தா ஆஃப் பண்ணிடுங்க.

காகிதப்பூ:
ஈரமண் அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே பண்ணேன். டிரைவர்ஸ் டேப்ல என் பிரிண்டர் பேரு ரெண்டு தடவ இருந்துச்சு, ரெண்டுலயும் "இன் யூஸ்"னுதான் வந்துச்சு, ஸ்பூலர் ரீஸ்டார்ட் பண்ணி மூணாவது முயற்சியில ரெண்டும் போச்சு. ப்ரொடெக்டட் மோட் ஆஃப்லதான் இருக்கு, மிஷின் சாதாரண 64 பிட்தான். கேட்டப்போதான் கேபிள் மாட்டுனேன்.

இப்ப "டிரைவர் அன்அவைலபிள்" போயிடுச்சு! பிரிண்டர் பேரு ஒண்ணே ஒண்ணு சுத்தமா நிக்குது. ஆனா பிரிண்ட் குடுத்தா க்யூல போய் உக்காந்துட்டு கொஞ்ச நேரத்துல எரர்னு வருது, பிரிண்டர்ல லைட் கூட சிமிட்டல. இவ்வளவு தூரம் வந்துட்டு இப்படி ஆகுதேன்னு அழுகையா வருது.

ஈரமண்:
அழாதீங்க ம்மா, கர சேந்துட்டீங்க, இது போர்ட் பிரச்சன. முன்பக்கத்துல இருந்து பின்பக்கத்துக்கு கேபிள மாத்துனேன்னு சொன்னீங்கல்ல. ஒவ்வொரு யூஎஸ்பி ஓட்டைக்கும் விண்டோஸ் ஒரு நம்பர் குடுத்து வைக்கும், யூஎஸ்பி001, 002ன்னு. சில பிரிண்டர் தன்னோட சீரியல் நம்பர ஒழுங்கா சொல்லாது, அப்ப ஓட்டைய மாத்தி சொருகினா இது வேற பிரிண்டர்னு நெனச்சு புது நம்பர் போட்டுரும். அந்த காப்பி 1, காப்பி 2ல ஒண்ணாவது இப்படித்தான் வந்திருக்கும். இப்ப பிரிண்டர் ஒரு நம்பர்ல இருக்கும், விண்டோஸ் வேற நம்பருக்கு அனுப்பிக்கிட்டு இருக்கும்.

பிரிண்டர செலக்ட் பண்ணி பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் (வெறும் ப்ரிஃபரன்சஸ் இல்ல), அதுல போர்ட்ஸ் டேப். எதுல டிக் இருக்குன்னு பாருங்க, அதே மாதிரி யூஎஸ்பின்னு ஆரம்பிக்குற மத்த போர்ட்டும் அங்க இருக்கும், ஒவ்வொண்ணா டிக் மாத்தி அப்ளை குடுத்து டெஸ்ட் பேஜ் போட்டு பாருங்க. எதுல வருதோ அதுலயே விட்டுட்டு கேபிள இனி அந்த ஓட்டையில இருந்து எடுக்காதீங்க.

தெருவிளக்கு:
நடுவுல கேக்குறதுக்கு மன்னிச்சுக்கோங்க, எனக்கும் அப்கிரேடுக்கு அப்புறம்தான் பிரச்சன ஆனா வேற மாதிரி. பிரிண்டர் இன்னொரு கம்ப்யூட்டர்ல மாட்டி ஷேர் பண்ணிருக்கு, என் மிஷின்ல இருந்து கனெக்ட் பண்ணா கடைசில 11பின்னு முடியுற எரர் வருது. ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸோட உள் செட்டிங்ஸ் இருக்குற இடம்) ஒரு வேல்யூவ ஜீரோ ஆக்குனா சரியாகும்னு போட்டிருக்காங்க, பண்ணலாமா?

ஈரமண்:
பண்ணாதீங்க தெருவிளக்கு. 2021ல பிரிண்ட் ஸ்பூலர்ல பெரிய ஓட்டை கண்டுபிடிச்சு வரிசையா அப்டேட் விட்டாங்க, அந்த வருஷம் பிரிண்ட்நைட்மேர்னு பேரே ஊரெல்லாம் அடிபட்டுச்சு. நீங்க சொல்ற வேல்யூவும் அப்ப வந்த பாதுகாப்புல ஒண்ணு, அத ஜீரோ ஆக்குனா எரர் போகும் ஆனா பூட்டக் கழட்டி வச்ச மாதிரி ஆயிடும். ரெண்டு மிஷின்லயும் அப்டேட் முழுசா போட்டுட்டு ஷேர் பண்ற மிஷின ரீஸ்டார்ட் பண்ணி பாருங்க, ஒரு பக்கம் மட்டும் அப்டேட் ஆகிருந்தா இந்த எரர் வரும். பிரிண்டர்லயே நெட்வொர்க் இருந்தா இந்த ஷேரிங்கே வேணாம், அதோட ஐபி அட்ரஸ குடுத்து டிசிபி ஐபி போர்ட்ல நேரா சேத்துருங்க. விவரமா வேணும்னா தனி த்ரெட் போடுங்க, இங்க ரெண்டும் கலந்துடும்.

காகிதப்பூ:
வந்துடுச்சு!!! யூஎஸ்பி001ல டிக் இருந்துச்சு, 002லயும் வரல, 003க்கு மாத்தி அப்ளை குடுத்ததும் பிரிண்டர் உள்ள அந்த சுத்துற சத்தம் கேட்டுச்சு பாருங்க, டெஸ்ட் பேஜ் சூடா கைக்கு வந்துச்சு. உடனே நாளைக்கு குடுக்க வேண்டிய ப்ரூஃப் 64 பக்கமும் போட்டுட்டேன், ஒரு பக்கம் கூட சிக்கல. முதல் பக்கத்துலயே "அதை பார்த்தான்"னு ப் இல்லாம நிக்குது, ஸ்க்ரீன்ல ரெண்டு தடவ படிச்சும் கண்ணுல படல.

இன்னும் ரெண்டே ரெண்டு கேள்வி. ஒண்ணு, வேர்ட்ல பிரிண்ட் குடுத்தா சில நேரம் பிடிஎஃப் சேவ் பண்ணவான்னு கேக்குது. ரெண்டு, ஸ்கேனர் இன்னும் தெரியவே இல்ல.

ஈரமண்:
ரொம்ப சந்தோஷம் ம்மா. பிரிண்டர்ஸ் பக்கத்துலயே கீழ "லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்"னு இருக்கும், அத ஆஃப் பண்ணிட்டு உங்க பிரிண்டர திறந்து செட் ஆஸ் டிஃபால்ட் குடுங்க. அது ஆன்ல இருந்தா கடைசியா எதுக்கு பிரிண்ட் குடுத்தோமோ அதையே டிஃபால்ட்டா எடுத்துக்கும்.

ஸ்கேனருக்கு டிரைவர் தனி. நீங்க போட்டது பேசிக் டிரைவரா இருக்கும், அதுல பிரிண்ட் மட்டும்தான் வரும். சைட்ல அதே பக்கத்துல ஃபுல் சாஃப்ட்வேர் பேக்கேஜ்னோ ஸ்கேன் டிரைவர்னு தனியாவோ இருக்கும். தனியா இருந்தா அத மட்டும் எடுங்க, ஓடிக்கிட்டு இருக்குற பிரிண்ட் டிரைவர தொட வேணாம். ஃபுல் பேக்கேஜ்தான் இருக்குன்னா கஸ்டம் இன்ஸ்டால் குடுத்து ஸ்கேன் மட்டும் டிக் பண்ணுங்க, கேபிள் இப்ப இருக்குற ஓட்டையிலயே இருக்கட்டும்.

ரெண்டு இன்ஸ்டாலர் ஃபைலையும் ஒரு பென்டிரைவ்ல காப்பி பண்ணி வச்சிருங்க. கம்பெனி டிரைவர விண்டோஸ் அப்டேட் வழியா குடுக்குறத படிப்படியா குறைக்கப் போறோம்னு மைக்ரோசாஃப்ட் 2023லயே சொல்லிட்டாங்க, பழைய மாடலுக்கு கம்பெனி சைட்டும் எத்தன நாளைக்கு வச்சிருக்கும்னு சொல்ல முடியாது. ஃபைல் பேர்ல மாடல் நம்பரையும் 64 பிட்னும் சேத்து எழுதி வச்சிருங்க.