ஊருக்கு மேலுள்ள புல்மேட்டில் எந்த மரக்கன்றுகளை நடலாம்?

கேள்வி (கோத்தகிரி): வணக்கம். காட்டெருமைகள் தேயிலைத் தோட்டம் வழியாக வீட்டு வாசல் வரை வந்துவிடுகின்றன. மேலேயுள்ள புல்மேட்டைக் காடாக்கினால் அவை அங்கேயே தங்கிவிடும் என்று எங்கள் இளைஞர் மன்றத்தினர் கருதுகின்றனர். சில்வர் ஓக் கன்றுகளைத் தர ஒருவர் முன்வந்துள்ளார். வேறு எவற்றை நடலாம்?

பதில் 1 (ஊட்டி): தயவுசெய்து புல்மேட்டில் எதையும் நட வேண்டாம். பள்ளங்களில் சோலையும் (குட்டையான மரங்கள் அடர்ந்த மலைக்காடு) மேடுகளில் புல்லுமாக இருப்பதே நீலகிரியின் உயர்ந்த பகுதிகளுக்கு உரிய அமைப்பு. அந்தப் புல்வெளி மரம் அழிந்து உண்டான வெற்றிடமன்று. அப்படி எண்ணித்தான் ஆங்கிலேயர் காலம் தொட்டு, விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில் என்னும் அயல்நாட்டு மரம்) நட்டுக் கொண்டே போனார்கள். வரையாட்டின் மேய்ச்சல் நிலம் சுருங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 2024 கணக்கெடுப்பில் தமிழகம் முழுவதற்கும் கிடைத்த எண்ணிக்கை 1,031 மட்டுமே. காட்டெருமையும் புல்லை நம்பி வாழ்வதுதான், அதையும் நிழல் போட்டு மூடிவிட்டால் தோட்டத்துக்கு இன்னும் அடிக்கடி வரும்.

ஆள்பலம் இருக்கிறதென்றால், வனச்சரகரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, புல்லுக்குள் முளைத்திருக்கும் சீகை நாற்றுகளைப் பிடுங்குங்கள். மழையில் மண் இளகியிருக்கும்போது முழங்கால் உயர நாற்று வேரோடு கையில் வந்துவிடும். வேர் அறுந்து மண்ணுக்குள் நின்றால் மறுபடி துளிர்க்கலாம். உதிர்ந்த விதைகள் பல்லாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடந்து, வெயில் பட்டதும் கீரைப்பாத்தி போல முளைக்குமாதலால், ஒரே இடத்துக்கு ஆண்டுதோறும் போக வேண்டியிருக்கும். கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் விழாக்களில் இந்த வேலைக்கு இடமில்லை.

பதில் 2 (கொடைக்கானல்): நாற்றுகளைப் பொறுத்தவரை உடன்படுகிறேன். ஆனால் சோலை ஓரத்தில் வளர்ந்து நிற்கும் சீகைகளை ஒரேயடியாக வெட்டும்படி யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். பழனி மலையில் அவற்றின் நிழலிலேயே சோலை மரக்கன்றுகள் தாமாக எழும்புவதைப் பல இடங்களில் காணலாம். சீகை விறகை நம்பி அடுப்பெரிக்கும் குடும்பங்களையும் முதலிலேயே கலந்து பேசுவது நல்லது.

கேள்வி கேட்டவர்: நன்றி. அப்படியானால் அந்தக் கன்றுகளை என்ன செய்வது?

பதில் 1: சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம், தேயிலைக்கு நிழல் தேவைப்படும் தோட்டக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள். நட்டே ஆக வேண்டுமென்றால், ஏற்கெனவே சிதைந்த சோலையின் ஓரத்தில், அங்கேயே விதை எடுத்து வளர்த்த நாவல், செண்பகக் கன்றுகளை வனத்துறையின் வழிகாட்டுதலோடு நடுங்கள். காட்டெருமை வாசலுக்கு வந்தால் விரட்டாமல், விலகி நின்று வழிவிடச் சொல்லுங்கள்.