விறகு ஸ்டவ் பற்றவைத்தால் புகை அறைக்குள் திரும்புகிறது: குழாயா, காற்றா?

பனிமூட்டம் கேட்டது:
6 கிலோவாட் ஸ்டவ், 150 மி.மீ. புகைக்குழாய், ஸ்டவ் தலையிலிருந்து உச்சி வரை 4.5 மீட்டர். நடுவில் 90 டிகிரி எல்போ இரண்டு, அவற்றுக்கிடையே ஒரு மீட்டர் படுக்கைக் குழாய். ஜன்னல்களை மாற்றி இடுக்கெல்லாம் அடைத்த பிறகுதான் இந்தத் தொல்லை. பற்றவைக்கும்போது கதவு வழியாகப் புகை வருகிறது, சமையலறை எக்ஸாஸ்ட் ஓடினால் இன்னும் மோசம். தீ பிடித்துக்கொண்டால் சரியாகிவிடும். குழாயை உயர்த்தணுமா, காற்று வரச் சுவரில் துவாரம் போட்டால் போதுமா?

கூரைமேல்:
குழாயைத் தொடுவதற்கு முன் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கவனியுங்கள். வெளியே 5 டிகிரி, குழாய்க்குள் சராசரி 200 டிகிரி என்றால் குழாயின் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சுமார் 5 பாஸ்கல் (அழுத்த அலகு) இழுவை, அதாவது புகையை மேலே இழுக்கும் விசை. 4.5 மீட்டருக்கு 20க்கு மேல், உராய்வில் கொஞ்சம் போகும். ஆனால் பற்றவைக்கும் நேரத்தில் குழாய் 15 டிகிரியில் இருந்தால் மொத்தமே 2 பாஸ்கல்தான். இறுக்கமாக அடைத்த வீட்டில் எக்ஸாஸ்ட் 5 பாஸ்கலைச் சுலபமாகக் காலி செய்யும். அப்புறம் குழாய்தான் வீட்டுக்குக் காற்று வரும் வழி!

துவாரக் கணக்கு: இறுக்கமான வீட்டுக்கு கிலோவாட்டுக்கு 550 சதுர மி.மீ. 6 × 550 = 3300, அதாவது 65 மி.மீ. விட்டமுள்ள திறப்பு. கிரில் போட்டால் கம்பிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம் மட்டும்தான் கணக்கு, ஆகவே 100 மி.மீ. குழாய் பதிப்பது நல்லது. ஆனால் இது ஸ்டவ்வுக்கு மட்டுமே போதும். மணிக்கு 2 கிலோ விறகு எரிய ஏறத்தாழ 20 கன மீட்டர் காற்று போதும், எக்ஸாஸ்டோ 300க்கு மேல் இழுக்கும். ஜன்னல் திறந்தால் மட்டும் ஃபேன் ஓடுகிற மாதிரி சுவிட்ச் போடுங்கள். ஜன்னல் கீழ்த்தளத்தில் இருக்கட்டும். மாடி ஜன்னலைத் திறந்தால் வீடே இன்னொரு புகைபோக்கி ஆகி இழுவையைப் பிடுங்கிக்கொள்ளும்.

கரிக்கை:
ஃபேன் சரி, ஆனால் அந்தப் படுக்கைக் குழாயை விட்டுவைக்க முடியாது. புகை அங்கேதான் ஆறும், கரி அங்கேதான் படியும். 90 டிகிரி எல்போக்களைக் கழற்றி 45 டிகிரி இரண்டு போடுங்கள், நடுவே சாய்ந்த குழாய். ஸ்டவ்வின் பின்பக்க வாயிலிருந்து கிளம்பும் இடத்தில் மட்டும் படுக்கையாக 150 மி.மீ. வரை பரவாயில்லை. குழாய்த் துண்டுகளின் குறுகிய முனை ஸ்டவ் பக்கம் பார்க்கணும். தலைகீழாகப் பொருத்தினால் கறுப்புப் பிசின் இணைப்பு வழியாக வெளியே ஒழுகும். உச்சியில் மழைத்தொப்பிக்கு வலை போட்டிருக்கிறார்களா பாருங்கள், கரி முதலில் அடைப்பது அதைத்தான். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும்.

இதையெல்லாம் செய்துவிட்டு உயரத்தைப் பற்றி யோசியுங்கள்.

பனிமூட்டம்:
துவாரத்துக்கு மூடி வைத்துக்கொள்ளலாமா? ராத்திரி தீ அடங்கிய பிறகு குளிர்காற்று வருமே. பூச்சி வலையும் வேணும்.

தணல்:
இரண்டும் வேண்டாம். பூச்சி வலை தூசியில் அடைந்துபோகும். எலி நுழையாதபடி, ஆனால் தூசி அடைக்காத அளவுக்குப் பெரிய கண்ணுள்ள கம்பி வலை போதும். மூடி அதைவிட ஆபத்து. சுவாலை அடங்கி வெறும் தணல் கிடக்கும் நேரம்தான் மோசமானது: குழாய் ஆறி இழுவை குறைந்திருக்கும், தணல் கார்பன் மோனாக்சைடைக் கக்கிக்கொண்டே இருக்கும், கண்ணுக்குப் புகையும் இல்லை, மூக்குக்கு வாடையும் இல்லை. புகை வரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு பண்ணாதீர்கள். டேம்பரையும் (குழாயின் இழுவையைக் கட்டுப்படுத்தும் தகடு) தணல் முழுக்கச் சாம்பலாகும் வரை முழுசாக மூடக்கூடாது.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஸ்டவ் இருக்கும் அறையிலேயே, ஸ்டவ்விலிருந்து படுக்கைவாக்கில் 1 முதல் 3 மீட்டருக்குள். கூரையில் என்றால் சுவரிலிருந்து 300 மி.மீ. தள்ளி. தூங்கும் அறையில் இன்னொன்று.

வேலை முடிந்ததும் சோதனை: கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி (சுவிட்ச் போட்ட எக்ஸாஸ்டுக்கான ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும்), வீட்டில் உள்ள எல்லா ஃபேனையும் முழு வேகத்தில் ஓடவிட்டு, ஆறிய ஸ்டவ்வின் கதவை விரலளவு திறந்து ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை உள்ளே போகணும். தயங்கி நின்றாலே தோல்விதான். தேறினால், அதே நிலையில் தீ மூட்டி மறுபடி பாருங்கள்.