தற்பிடியும் கொண்டியும்: ‘லாட்சிங்’குக்கு ஒரு சொல் போதாது

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்துறைச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த உரையாடலில், அழுத்தியிருக்கும்வரை மட்டும் வேலை செய்யும் ‘மொமென்ட்டரி புஷ் பட்டன்’ என்பதற்குக் ‘கணநேரப் பொத்தான்’ என்றும், பொத்தானை விட்ட பின்பும் இயங்கும் நிலையிலேயே நிற்கும் ‘லாட்சிங் சர்க்யூட்’ என்பதற்கு (லாட்ச் என்றால் தாழ்ப்பாள்) ‘தாழ்ச்சுற்று’ என்றும் முன்மொழியப்பட்டுள்ளன. சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்கும் விசைத்தறிக் கூடங்களுக்கும் பேனல் போர்டு (மோட்டார்களை இயக்கும் மின்கருவிகள் அடங்கிய பெட்டி) இணைத்துத் தருகிறவன் என்ற முறையில் இரண்டிலும் எனக்குத் தயக்கம் உண்டு. இரண்டாவதில் அது பெரிது.

கணநேரம் என்பது அழுத்துகிற விரலின் கணக்கே அன்றிப் பொத்தானின் இயல்பு அன்று. பத்து நிமிடம் விரலை எடுக்காமல் வைத்திருந்தாலும் அது அதே பொத்தான்தான். கையை விட்டதும் உள்ளிருக்கும் ஸ்பிரிங் அதை எழுப்பிவிடுகிறது என்பதே அதன் இயல்பு. ‘மீள்பொத்தான்’ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மோட்டாருக்குச் சுமை மிகுந்தால் மின்சாரத்தை நிறுத்தவைக்கும் ஓவர்லோட் ரிலேயில் ரீசெட் பொத்தான் ஒன்று தனியே இருக்கிறது. ரீசெட்டை ‘மீட்டமை’ என்று எழுதிப் பழகியவர்கள் அதையே நினைத்துக்கொள்வார்கள். ஆகவே எழுபொத்தான் என்கிறேன். அழுத்தியதும் உள்ளேயே நின்றுவிடும் வகை அமர்பொத்தான் ஆகட்டும். ‘எழு’ ஏழையும் குறிக்குமே என்றால், ஒரு பொத்தானைப் பற்றிப் பேசும் இடத்தில் அப்படிப் பொருள்கொள்ள வாய்ப்பில்லை.

இனிச் சுற்று. கிணற்று மோட்டாரின் ஸ்டார்டரையே எடுத்துக்கொள்வோம். பச்சைப் பொத்தானை அழுத்தியதும், கான்டாக்டர் என்கிற மின்காந்த சுவிட்சின் காயிலுக்கு மின்சாரம் போய், மோட்டாருக்கான மூன்று முனைகளும் சேர்கின்றன. அவற்றோடு 13, 14 என்று எண்ணிட்ட துணைமுனையும் சேர்கிறது. அத்துணைமுனை பச்சைப் பொத்தானுக்குப் பக்க இணைப்பில் இருப்பதால், விரலை எடுத்த பின்பும் அதன் வழியே காயிலுக்கு மின்சாரம் தொடர்கிறது. சிவப்புப் பொத்தானும் ஓவர்லோட் ரிலேயின் 95, 96 முனைகளும் தொடர் இணைப்பில் இருக்கின்றன. இவற்றில் எது திறந்தாலும் பிடி விட்டுப்போகும். துணைமுனை கரிந்துபோனால் விவசாயி நம்மிடம் சொல்வது இதுதான்: “பச்சைய அழுத்துனா ஓடுது, கைய எடுத்தா நின்னுடுது, ஸ்டார்டர் பிடிக்க மாட்டேங்குது.” வயரிங் செய்பவர் அதையே ‘ஹோல்டிங் வரல’ என்பார். ‘பிடி’ என்ற சொல் இப்படி மக்கள் வாயிலேயே இருக்கும்போது நாம் தாழ்ப்பாளைத் தேடிப் போக வேண்டியதில்லை. தன்னைத் தானே பிடித்துக்கொள்வதால் இது தற்பிடிச் சுற்று.

அப்படியானால் தாழ்ப்பாள் போலவே வேலை செய்கிற ஒன்று இல்லையா என்றால், இருக்கிறது. ‘லாட்சிங் ரிலே’ என்று கடையில் கேட்டு வாங்குவது அதைத்தான் (ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). ஒரு சிறு மின்துடிப்புப் போதும். அதன் பிறகு நிலைகாந்தமோ இயந்திரப் பற்றோ அதை அதே நிலையில் நிறுத்திவிடுகிறது, காயிலுக்கு மின்சாரமே வேண்டாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘லாட்ச்’ என்ற ஒரே சொல் புழங்குவதால்தான் நாமும் ஒரே சொல்லைத் தேடுகிறோம் என்று நினைக்கிறேன்.

மின்வெட்டு வந்தால் இரண்டும் வேறாகிவிடுகின்றன. ஏற்காட்டில் காப்பிப் பழத்தின் தோலை நீக்கும் பல்ப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விடுகிறது என்று கொள்ளுங்கள்; சிக்கிய பழத்தை எடுக்க ஒருவர் உள்ளே கை விடுகிறார். தற்பிடிச் சுற்றாக இருந்தால் மின்சாரம் திரும்பினாலும், பச்சையை மறுபடி அழுத்தும்வரை இயந்திரம் அசையாது. கான்டாக்டருக்குப் பதில் லாட்சிங் ரிலே வகையை வைத்திருந்தால், மின்சாரம் வந்த நொடியிலேயே அது சுழலத் தொடங்கும். மாடிப்படி விளக்குக்கு அதனால் கேடில்லை, எரிந்த விளக்கு மீண்டும் எரியும், அவ்வளவுதான். பல்ப்பரில் அதே குணம் விரலைக் கொண்டுபோய்விடும். பாடநூலில் இரண்டையும் ஒரே சொல்லால் படித்துவிட்டு வரும் மாணவர் இந்த வேறுபாட்டை எங்கிருந்து அறிவார்? நான் இவ்வளவு வலியுறுத்துவது இதற்காகத்தான்.

இரண்டாவது வகைக்கும் ‘தாழ்’ வேண்டாம். ‘தாழ் மின்னழுத்தம்’ என்று எழுதும் துறையில் ‘தாழ் ரிலே’ என்பது குறைந்த அழுத்த ரிலே என்றே படிக்கப்படும். கொண்டி ரிலே என்போம். கதவுக் கொண்டியை மாட்டிவிட்டால், யாராவது வந்து நீக்கும்வரை அது அப்படியே கிடக்கும். ரிலேயை ரிலே என்றே விட்டுவிடலாம்.

ஒரே எழுபொத்தான் ஒருமுறை ஏற்றவும் மறுமுறை அணைக்கவும் பயன்படுவது இன்னொரு வகை. 4013 என்கிற, ஒரு நிலையை நினைவில் வைக்கும் ஃபிளிப்-ஃபிளாப் சில்லில், தலைகீழ் வெளியீட்டை ‘டி’ என்ற உள்ளீட்டுக்குத் திருப்பிக் கொடுத்து இதைச் செய்கிறோம். பொத்தானின் முனைகள் சேரும்போது சில மில்லிநொடிகள் அதிர்வதால், ஒரே அழுத்தம் பல அழுத்தமாக எண்ணப்படாமலிருக்க ஒரு மின்தடையும் மின்தேக்கியும் தேவைப்படும். இதுவும் தன் வெளியீட்டைக் கொண்டே தன் நிலையைக் காப்பதால் தற்பிடிக் குடும்பம்தான். பெயர் மாறுபிடிச் சுற்று என்றிருக்கலாம்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்குத் தெளிவு வரவில்லை. கேட் என்ற முனையில் ஒரு துடிப்புக் கொடுத்ததும் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும் குறைகடத்திச் சாதனமான தைரிஸ்டருக்கு ‘லாட்சிங் கரன்ட்’, ‘ஹோல்டிங் கரன்ட்’ என்று இரண்டு அளவுகள் உண்டு. கேட் துடிப்பு நின்ற பின்னும் கடத்தல் நிலைபெறத் தேவையானது முன்னது. நிலைபெற்ற கடத்தல் அறுந்துபோகாமலிருக்கத் தேவையானது பின்னது, அது முன்னதைவிடக் குறைவு. ‘பிடி’யைப் பின்னதற்குக் கொடுத்தால் முன்னதற்குப் ‘பற்று மின்னோட்டம்’ பொருந்துமா? வரவு செலவுக் கணக்கில் பற்று வேறு பொருளில் இருப்பது தடையாகுமா? இதைப் பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.